மூடாமல் விட்ட ரோஜாத் தொட்டி

என் மகளுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பா யாராக இருந்தாலும் சரி, அவரிடம் காட்டாதே. சிநேகிதிகளிடம் காட்டாதே. நிவேதா என்று ஒருத்தி நம் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருப்பாள், அவளை நீ பெரியம்மா என்று கூப்பிடுவாய், அவள் கண்ணில் இது படவே கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஒருவரிடம் காட்டலாம், அது நான். எப்போது காட்ட வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது. ஹென்டர்சனில் ஒரு வாடகை வீட்டில், கட்டிலில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வளர்ந்த பெண்ணுக்கு அம்மா எழுதும் கடிதம் இது. அம்மாதான் இன்னும் வளரவில்லை. ஏன் இவ்வளவு அவசரம் என்றால், இன்று ராத்திரி என் அம்மா என்னிடம், "நீயும் ஒரு அம்மாவானாத்தான்டி உனக்குப் புரியும்" என்று சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. அம்மா ஆனதும் எனக்கும் புரிந்துவிடும் போலிருக்கிறது. புரிந்துவிட்டால் நானும் அவளைப் போலப் பேச ஆரம்பித்துவிடுவேன். அதனால் எனக்கு ஒன்றும் புரியாமல் இருக்கும்போதே உனக்கு எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இதெல்லாம் எனக்குத் தமிழில்தான் நடந்தது. உனக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் என்னிடம் கொண்டு வா. நானே சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அது எனக்கு வேண்டியதுதான்.

இந்தக் கடிதம் முழுக்க என் அம்மா வருவாள். அவள் உனக்கு என்ன முறை என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. ஏற்கெனவே அவளைப் பங்கு போட்டது போதும். இங்கே அவள் என் அம்மா மட்டும்.

எங்கள் வீட்டில் ஏழு ரோஜாச் செடிகள் இருக்கின்றன. எல்லாம் தொட்டியில். மண்ணில் வைத்தால் வீட்டுக்காரருடையது, தொட்டியில் வைத்தால் நம்முடையது என்பாள் அம்மா. ஓசூரிலிருந்து உலகத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் இந்தத் தீவு நாட்டுக்கு நாங்கள் வந்தபோது எனக்கு ஏழு வயது. முதலில் த்ரீ கிங்ஸில் இருந்தோம், அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். அப்புறம் கிளென்ஃபீல்டில், அந்த வீட்டுக்காரரின் மகன் கல்யாணமாகிக் குடிவந்தான். இப்போது இங்கே. வீடு மாற்றும்போதெல்லாம் கட்டிலும் துணியும் வாடகை வேனில் போகும், ரோஜாக்கள் மட்டும் எங்கள் காரில் வரும். வேன்காரன் தூக்கிப் போட்டுவிடுவானாம். அம்மா முன்சீட்டில் ஒரு தொட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொள்வாள், நான் பின்சீட்டில் ஒன்றை மடியில் வைத்துக்கொள்வேன். ஹார்பர் பாலத்தின் மேல் போகும்போது கார் குலுங்கி முள் கழுத்தில் குத்தும். "குத்துதா பாப்பா?" என்று திரும்பாமலே கேட்பாள். "குத்தல" என்பேன். குத்தியது என்று சொன்னால் தொட்டியை அப்பாவிடம் கொடுத்துவிடுவாளோ என்று பயம். அந்த வேலை எனக்கும் அவளுக்கும் மட்டுமானது. அப்பா வண்டி மட்டும் ஓட்டினால் போதும்.

என் மடியில் வந்த அந்தத் தொட்டியில் இருந்தது என் செடி. இங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தில் ரோஜாவை இலையே இல்லாமல் வெறும் குச்சியாக, வேரைப் பையில் கட்டிக் கடையில் விற்பார்கள். பத்தாவது பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்று கேட்டேன். "இந்தக் காஞ்ச குச்சியா? பொம்மை கிம்மை வேணாமா?" என்று அம்மா சிரித்தாள். ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. மணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பூத்த அன்று அம்மா என் பின்னலில் அதைச் சொருகிவிட்டாள். பள்ளிக்கு அப்படியே போனேன், மதியத்துக்குள் இதழ் எல்லாம் பைக்குள் உதிர்ந்துவிட்டது. அது எனக்கு நல்ல நாள்.

நிவேதா என் பெரியம்மாவின் மகள். அம்மாவுக்கு ஒரே அக்கா, அந்தப் பெரியம்மா இரண்டு வருடம் முன்பு, இதே ஆகஸ்டில், திடீரென்று இறந்துபோனார். அம்மா டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. திரும்பி வந்தவள் நெடுநாள் ரோஜாக்களுக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை, நான்தான் ஊற்றினேன். அதற்கடுத்த பிப்ரவரியில் நிவிக்கா ஸ்டூடண்ட் விசாவில் நர்சிங் படிக்க இங்கே வந்தாள். எங்களுடன்தான் இருக்கிறாள், என் அறையில், ஜன்னல் ஓரக் கட்டிலில். ஜன்னல் ஓரம் முன்பு என்னுடையது. "அவளுக்குப் புது எடம் பாரு, வெளிச்சம் இருந்தா மனசுக்கு நல்லாருக்கும்" என்றாள் அம்மா. நான் சரி என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவேன். இதைக் கற்றுக்கொள்ளாதே.

நீ என்னைக் கெட்டவள் என்று நினைக்கும் முன்பு சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பாள். நிவிக்கா வந்த பிறகு அவளுக்கு முதலில், எனக்கு அப்புறம். பிறகு அவளுக்கு மட்டும், ஏனென்றால் எனக்கு ஹோம்வொர்க் இருக்குமாம். அவர்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று ஊர்ப் பேச்சுப் பேசுவார்கள். ஓசூர்ப் பேச்சில் நடுநடுவே தெலுங்கும் கன்னடமும் வரும், எனக்கு அதெல்லாம் மறந்துபோய்விட்டது. திடீரென்று இரண்டு பேரும் குலுங்கிச் சிரிப்பார்கள். "என்னம்மா?" என்று கேட்டால், "அத உனக்கு வெளக்கிச் சொன்னா சிரிப்பு வராதுடி" என்பாள். ஒரு தடவை நிவிக்கா எனக்காக நிறுத்தி, பொறுமையாக விளக்கிச் சொன்னாள். சிரிப்பு வரவில்லை.

அவள் நல்லவள்தான். அதுதான் பெரிய தொந்தரவு. மாலை வேலைக்குப் போகும் முதியோர் இல்லத்தில் கொடுக்கும் மஃபினில் பாதியை டிஷ்யூவில் சுற்றி எனக்குக் கொண்டுவருவாள். கணக்குச் சொல்லித் தருவாள். ஒரு இரவு நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, போனில் பெரியம்மாவின் பழைய குரல் பதிவைப் போட்டுக் கேட்டாள். "நிவி, சாப்டியா? குளிருக்கு சாக்ஸ் போட்டுக்கோ" என்று அவ்வளவுதான் இருந்தது, பெரியம்மா ஏதோ காலேஜ் டூருக்கு அவள் போயிருந்தபோது அனுப்பியது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு என்ன வந்தது தெரியுமா? என் அம்மா கடைசியாக என்னிடம் "சாப்டியா" என்று கேட்டது எப்போது என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். செத்துப்போன மனுஷி தன் பெண்ணுக்குப் பேசிவைத்ததன் மேல்கூட எனக்குப் பொறாமை. இதை நான் வேறு யாரிடம் சொல்ல முடியும்? அதனால்தான் நீ இன்னும் பிறக்காதது எனக்கு வசதியாக இருக்கிறது.

அவள் வந்த முதல் வாரத்திலேயே அம்மா அவளுக்கும் ஒரு ரோஜா வாங்கினாள். அடர் சிவப்பு, வாசலைத் தாண்டும்போதே மணக்கும். பெரியம்மா தலையில் எப்போதும் அந்த நிறம்தான் இருக்குமாம். பெரிய மண் தொட்டியில் நட்டு, முன்வாசல் படியோரம் வடக்குச் சுவரை ஒட்டி வைத்தாள். இங்கே வெயில் வடக்கிலிருந்துதான் வரும், அதனால் வீட்டிலேயே நல்ல இடம் அது. அந்த இடத்தில் அதுவரை இருந்தது என் ஆரஞ்சு ரோஜா. அது குப்பைத் தொட்டிகள் நிற்கும் தெற்குப் பக்கத்துக்குப் போனது. "உன் செடிக்கு என்ன, அது எங்க வெச்சாலும் பொழச்சுக்கும்" என்றாள். பிழைத்துக்கொண்டது. போன வேனிற்காலம் ஒரே ஒரு பூ.

போன குளிர்காலத்தைச் சொல்கிறேன், அதில் நீ சிரிக்கலாம். சேகர் மாமா, அம்மாவின் தம்பி, டொராண்டோவில் இருக்கிறார். அவருக்குக் குளிரைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அம்மா வீடியோ காலில் செடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. வேரு ஐஸாயிடுச்சுன்னா செடி அவுட்டு. பபிள் ராப்ப நல்லா சுத்தி, அதுக்கு மேல சாக்க சுத்தி, கராஜுல தள்ளிட்டு மார்ச் வரைக்கும் மறந்துடு."

"மார்ச்சா? இங்க மார்ச்சுல வெயிலுடா."

"அப்போ செப்டம்பர் வரைக்கும் மறந்துடு. நீதான் தலைகீழா தொங்கிட்டு இருக்கியே."

அந்தச் சனிக்கிழமை முழுக்க நானும் நிவிக்காவும் அம்மாவும் தொட்டிகளைச் சுற்றிக் கட்டினோம். பக்கத்து வீட்டுக் கமலா ஆன்ட்டி வேலி மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் ஃபிஜியில் பிறந்தவர். அவருடைய முன்னோர் நம் பக்கத்திலிருந்து போனவர்களாம், ஆனால் அவருக்குத் தமிழில் அம்மா, தண்ணி, பூ என்று ஏதோ சில சொற்கள்தான் தெரியும். எந்த ஊருக்குப் பார்சல் போகிறது, ஸ்டாம்ப் ஒட்டவில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு சொன்னார்: இங்கே ரோஜாவைக் குளிர் கொல்வதில்லை, மழைதான் கொல்லும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வை, அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடு, உரம் போடாதே, மழை அடிக்காத சுவரோரம் தள்ளு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் மட்டும் பனி உறையும். அப்போதுகூட இலை உதிர்ந்து தூங்குகிற செடிக்கு ஒன்றும் ஆகாது. துளிர் விட்ட செடி இருந்தால் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினால் போதும். அம்மா தலையை ஆட்டிவிட்டு, உள்ளே வந்ததும், "அவங்க ஸ்னோவப் பாத்திருக்காங்களா? சேகரு பாத்திருக்கான்" என்றாள்.

ஆகஸ்டில் கராஜைத் திறந்து பிரித்தபோது எல்லாச் செடியும் இருட்டில் முளைத்திருந்தது, முளைகட்டிய பயறு மாதிரி நீளமாக, வெளிறி. தொட்டால் ஒடிந்தது. செடி சாகவில்லை, ஆனால் பூ என்ற பேச்சே இல்லை. அந்த வாரம் பெரியம்மாவின் முதல் திதி. அம்மா கடையில் வாங்கிய ஏதோ வெள்ளைப் பூவைப் படத்துக்கு வைத்தாள். வைத்துவிட்டு, "எங்கக்காவ தலையில ரோஜா இல்லாம நான் பாத்ததே இல்ல" என்று சொல்லி, சாமி மேடைக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிவிக்கா போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு எட்டுப் பின்னால் நின்றேன். எனக்கு முன்னால் அவள் போய்விட்டாள், அவ்வளவுதான். இரண்டு தோள் இருக்கிறதே, இன்னொன்றை நான் பிடித்திருக்கலாம். அது இப்போதுதான் தோன்றுகிறது.

இந்த வருடம் திதிக்கு வீட்டு ரோஜா வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். ஜூனில், குளிர் ஆரம்பிக்கும்போதே, நிவிக்காவின் செடியை மட்டும் கவாத்து செய்தார்கள். ஓசூரில் அப்படித்தானாம், வெட்டிவிட்டால் ஒன்றரை மாதத்தில் மொட்டு வந்துவிடும்.

"அம்மா, இப்ப வெட்டினா துளிரெல்லாம் பனியில கருகிடும். கமலா ஆன்ட்டி ஜூலை முடியட்டும்னாங்க" என்று நான் சொன்னேன். அதை நினைவில் வை, நான் சொன்னேன்.

"அவங்க கெடக்கறாங்க. நிவி ஓசூர்ல பொறந்து வளந்தவ."

"நானும் ஓசூர்லதான் பொறந்தேன்."

"நீ பொறந்த. அவ்ளோதான்."

நிவிக்கா சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சித்தி, அவ சொல்றதும் சரியா இருக்கும்ல? இது வேற ஊரு" என்றாள். எனக்கு அந்தச் சிரிப்பைவிட இப்படிப் பரிந்து பேசியதுதான் பிடிக்கவில்லை. என் அம்மாவிடம் எனக்காகப் பேச இவள் யார்?

எப்படியோ, துளிர் வந்தது. வடக்குச் சுவரின் வெப்பத்தில் சிவப்புச் சிவப்பாகத் தளிர்த்து, ஒரு மொட்டும் வைத்துவிட்டது. ஒரே ஒரு மொட்டு. உச்சியில் கொஞ்சம் நிறம்கூடத் தெரிகிறது. திதி அடுத்த வாரம். அம்மா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இருட்டில் போன் வெளிச்சம் அடித்து அதைப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவாள். மற்ற ஆறு செடிகளும் இலை உதிர்ந்து தூங்குகின்றன, என்னுடையதும்தான்.

இன்று மழை நின்று வானம் துடைத்துவிட்டது போல ஆகிவிட்டது. காற்று இல்லை. எங்கள் வீடு ஓடைப்பக்கம் பள்ளத்தில் இருக்கிறது, குளிர் வந்து இங்கேதான் தேங்கும். அம்மாவுக்கு நாளை விடியும் முன்னே வேலை, முதுகும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது பழைய பெட்ஷீட்டுகளை என் கையில் கொடுத்தாள். "பாப்பா, மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். நிவியோடத மட்டும் நல்லா மூடிடு. மொக்கு மேல துணி படக் கூடாது, நாலு குச்சி நட்டு மேல போடு."

"என் செடி?"

"உன் செடிக்கு என்னடி, கல்லு மாதிரி இருக்கு."

"எப்பப் பாத்தாலும் நிவி, நிவி."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. "அவளுக்கு அம்மா இல்லடி. உனக்கு நான் இருக்கேன்ல? நீயும் ஒரு அம்மாவானாத்தான்டி உனக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அம்மா இருக்கிறாள் என்பதுதான் காரணமாம், எனக்கு எதுவும் கிடைக்காததற்கு.

நான் வெளியே போய், மூட வேண்டிய தேவையே இல்லாத செடிகளை ஒவ்வொன்றாக மூடினேன். கடைசியில் இரண்டு பெட்ஷீட் மிச்சம் இருந்தது. இரண்டையும் குப்பைத் தொட்டிப் பக்கம் எடுத்துப்போய், இலைகூட இல்லாத என் ஆரஞ்சுக் குச்சிக்கு ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன். படியோரம் இருந்த அந்தச் சிவப்பு ரோஜாவைத் தாண்டி உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அம்மா அறையிலிருந்து, "மூடிட்டியா?" என்று கேட்டாள். "மூடிட்டேன்" என்றேன். பொய்யாகக்கூட இல்லை பார், எதை என்று அவள் கேட்கவில்லை.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா அடிக்க மாட்டாள். பேசாமல் இருப்பாள். பெரியம்மா இறந்தபோது இருந்தாளே, அந்த மாதிரி. அப்பா நிவிக்காவை அழைத்துவரப் போயிருக்கிறார், அவள் வேலை முடிய இந்நேரம் ஆகிவிடும். காலையில் எல்லோரும் பார்ப்பார்கள். உள்ளே தூக்கி வைத்தால் என்ன என்று நீ கேட்பாய். அந்த மண் தொட்டியை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பிடித்தால்தான் நகர்த்தவே முடியும்.

உனக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தம்பியோ தங்கையோ வரலாம். அக்கா மகள் யாராவது வந்து தங்கலாம். அம்மா இல்லாத குழந்தையோ, அழுதுகொண்டே இருக்கும் குழந்தையோ, யாரோ ஒருத்தர் நம் வீட்டுக்குள் வரலாம். நான் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன், எனக்குத் தெரியும், நானும் என் அம்மாவின் மகள்தானே. உன்னைப் பார்த்து, "உனக்கென்ன, நீ கல்லு மாதிரி இருக்க" என்று என்றைக்காவது நான் சொன்னால், அன்றைக்கு இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வை. ஒன்றும் பேசாதே. நான் படிக்கும்வரை பக்கத்தில் நில். நான் கோபப்படுவேன், சின்ன வயசுல என்னத்தையோ எழுதியிருக்கேன் என்று சொல்லுவேன். நம்பாதே.

இன்னொன்று. நீயும் செடி வளர்ப்பாய். தொட்டியில் வைத்த ரோஜாவுக்குக் குளிர்காலம் வந்தால் சொந்தக்காரர்களைக் கேட்காதே, உன் வீட்டு முற்றத்தைப் பார். ஈரம் தேங்காமல் தூக்கி வை. தூங்குவதைத் தூங்க விடு, எழுப்பாதே. அப்படியும் யாராவது அவசரப்பட்டு எழுப்பிவிட்டார்கள் என்றால், அது செடியின் தப்பில்லை, வானம் தெளிந்த இரவில் அதைக் கட்டாயம் ஒரு துணி போட்டு

இந்த வரியை முடிக்க முடியவில்லை. இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். விரல் விறைத்துவிட்டது, எழுத்து இப்படித்தான் இருக்கும்.

நான் நிவிக்காவுக்காகப் போகவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். அம்மா அடுத்த வாரம் மறுபடியும் கடைப் பூவைப் படத்துக்கு வைப்பது கண் முன்னால் வந்தது, அதனால்தான். என் செடி மேல் போட்ட பெட்ஷீட்டில் ஒன்றை எடுக்கலாம் என்று முதலில் குப்பைத் தொட்டிப் பக்கம் போனேன். துணி ஈரமாகி, விறைத்து, முள்ளில் நன்றாக மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் கிழிகிற சத்தம், பக்கத்தில் குப்பைத் தொட்டி வேறு சரியப் பார்த்தது. அம்மா எழுந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். மற்ற தொட்டிகளெல்லாம் அம்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே. அதனால் போட்டிருந்த பள்ளிக்கூட ஜெர்சியைக் கழற்றினேன். நல்ல தடிக் கம்பளி. குச்சிகளை நட்டு, மொட்டு மேல் படாமல் கூடாரம் மாதிரி மாட்டினேன். போன் வெளிச்சத்தில் பார்த்தேன், தளிர் இலைகளின் ஓரம் கண்ணாடித் தூள் தூவினது போல இருந்தது. மொட்டின் ஒரு பக்கமும் அப்படித்தான். உள்ளே போயிருக்கிறதா, மேலோடு நின்றுவிட்டதா, இப்போது தெரியாது. காலையில் வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் சில சமயம் தப்பிக்கும் என்று கமலா ஆன்ட்டி சொல்லியிருக்கிறார். அம்மா எழுவதற்கு முன்னால் நான் எழ வேண்டும்.

நான் வெறும் பனியனோடு அந்தப் படியில் நின்றேன். என் செடிக்கு இரண்டு பெட்ஷீட், அவள் செடிக்கு என் ஜெர்சி. எனக்கு ஒன்றும் இல்லை. அப்போதும் பொறாமை போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் கடிதம் அழகாக இருக்கும். அந்த மொட்டைப் பார்த்தபோது, பூத்து அம்மாவின் கையில் அது இருக்கப்போவதும், அம்மா நிவிக்காவின் கன்னத்தைத் தொடப்போவதும் தெரிந்தது. தெரிந்துதான் ஜெர்சியின் கைகளைக் குச்சியில் கட்டினேன். இதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரிந்தால்

கார் வருகிறது. ஜெர்சியில் பள்ளிச் சின்னம் இருக்கிறதே. கார் விளக்கு நேராகப் படியில் அடிக்கும், அதை நான் யோசிக்கவே இல்லை.

கார்க் கதவு திறக்கும் சத்தம். "சித்தப்பா, ஒரு நிமிஷம் லைட்ட ஆஃப் பண்ணாதீங்க" என்கிறாள்.

"என்னம்மா, எதாச்சும் கீழ போட்டுட்டியா?"

அவள் செருப்புச் சத்தம் படியோரத் தொட்டிவரை போய் அங்கேயே நிற்கிறது. 

"ஒண்ணுமில்ல சித்தப்பா. நீங்க போய்ப் படுங்க."

வெளிச்சம் அணைந்துவிட்டது. நடையில் வருகிறாள், செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வருகிறாள். அவள் பார்த்தது, நான் மூடினதையா, அவ்வளவு நேரம் மூடாமல் விட்டதையா? இலையைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அம்மாவிடம் சொல்வாள். இல்லை, சொல்லாமல் இருப்பாள், அது இன்னும் மோசம், அப்புறம் எனக்கும் அவளுக்கும் நடுவில் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று

தட்டுகிறாள். இது அவளும் தூங்கும் அறை. இங்கே வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் இந்தக் கதவைத் தட்டிவிட்டு வந்ததில்லை. நேராகத் திறந்துகொண்டுதான் வருவாள். இப்போது வெளியே நிற்கிறாள், நான் வா என்று சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள், நான்